பொன்னி நீட்டிய கை

அக்கா,

இன்று காலை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததும், அந்த வாடையோடு உங்கள் குரலும் வந்தது. "கையக் கழுவிட்டு வா யம்மா, ஒன் மேல ஊசி வாசன அடிக்குது."

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தோம். குரங்குகளுக்குச் சோறு போடுவது நீங்கள். ரத்தம் எடுப்பது நான். அந்தக் குரங்குகளில் பொன்னியைப் பற்றி எனக்குத் தனிப் பெருமை. கூண்டருகே போய் நின்றாலே இடது கையைக் கம்பி வழியாக நீட்டிவிடுவாள். நான்தான் பழக்கினேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். நீங்கள் பாட்டுக்குத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

ஆராய்ச்சி முடிந்ததும் ஐந்து குரங்குகளையும் வேறு ஊர்க் கூடத்துக்கு அனுப்புவதாக இருந்தது. நீங்கள் நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து நடந்தே போய் டைரக்டர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றீர்கள். "ஒழைச்ச உசுருங்க சார். கடைசி காலத்துல நெழல்ல குந்தட்டும்." அவரும் மனமிரங்கினார். சேதராப்பட்டுப் பக்கம் உங்கள் தம்பியின் முந்திரித் தோப்பில், மேலேயும் கம்பிவலை கட்டி, ஐந்தையும் குடியேற்றினீர்கள்.

நான்கும் ஒரே வாரத்தில் மரமேறிவிட்டன. பொன்னி மட்டும் இறக்கிவிட்ட மூலையிலேயே கிடந்தாள். யார் போனாலும் கையை நீட்டினாள். "சோறு போடப் போனாலும் ரத்தங் குடுக்க வர்றா பாரு" என்று நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். என் பெருமையெல்லாம் அன்றோடு போயிற்று. வெட்கமாக இருந்தது, அக்கா.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சீயக்காயால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பெரிய மார்க்கெட்டில் கொய்யா வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். பொன்னி கையை நீட்டுவாள். அதைத் தொடாமல் பழத்தைத் தரையில் வைத்துவிட்டு வரச் சொல்வீர்கள். மழைக்காலம் முழுக்க இதே கதை. நான் அலுத்துக்கொண்டால், "அவளுக்கா தோணுறப்ப தோணட்டும். ஒனக்கென்ன அவசரம்?" என்பீர்கள்.

தை பிறந்து ஒரு ஞாயிறு. பழத்தைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, ஏதோ பாய்ந்தது. கொய்யாவோடு பொன்னி முந்திரிக் கிளையில் உட்கார்ந்திருந்தாள். என் மணிக்கட்டில் ரத்தம். "புடுங்கிட்டா! யாரையும் கேக்காம புடுங்கிட்டா!" என்று நீங்கள் கைதட்டிக் குதித்தீர்கள். காயத்துக்குத் துணி கட்டவேண்டும் என்பதே உங்களுக்கு மறந்துபோயிற்று. பொன்னி நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தாள்.

ஏழெட்டு வருஷம், சாகும்வரை, அந்தக் கிளையில்தான் இருந்தாள். அவளுக்குப் பின்னால் நீங்களும் போய்விட்டீர்கள்.

"எந்தக் கையிலம்மா எடுக்கட்டும்?" என்று நர்ஸ் கேட்டாள். தழும்புள்ள கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றதை நீட்டினேன். பொன்னி கீறிய கையை ஊசிக்குக் கொடுக்க மனம் வரவில்லை, அக்கா.