கோமாரிக்கு அப்பால் தண்ணீரில்

காக்கா,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனை பஸ் நிலையத்தடியில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அதைக் கடக்க இரைந்த ஒரு வேனிலிருந்து கிளச் கருகும் மணம் வந்தது. குடையோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்தத் தங்கச்சியை விட்டு நீங்கள் மௌத்தாகி மூன்றாவது மாரி இது.

மருதமுனை வீட்டு வளவுக்குள் அந்தப் பழைய வேனை நீங்கள் கரவனாக்கியபோது ஊரே சிரித்தது. உள்ளே படுக்கை, காஸ் அடுப்பு. கூரைக்கு ஏற, பின்பக்கம் ஓர் இரும்பு ஏணி. "வாப்பா போனதுக்குப் பிறகு உம்மா நாலு சுவரத்தான் பாக்கிறா. மழையெண்டாலும் பரவாயில்ல, பொத்துவில் கடலடியில வெச்சு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கப் போறன்" என்றீர்கள்.

உம்மாவோடு மூவரும் புறப்பட்டோம். திருக்கோவில் தாண்டும்போதே மழை முன் கண்ணாடியை மூடியது. கோமாரி கழிந்ததும் வலப்பக்க வயல்வெளி நிரம்பி, ரோட்டுக்கு மேலாகத் தண்ணீர் கடலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்றேன். அந்த நேரம் பார்த்து உம்மாவுக்கு மூச்சு முட்டு தொடங்கியது. பம்ப் அடித்தும் இழுப்பு அடங்கவில்லை, உதடு நீலமாகிவிட்டது. நாங்கள் வந்த வழியிலும் தண்ணீர் ஏறியிருந்தது. பொத்துவில் ஆஸ்பத்திரிதான் கிட்ட.

ரோட்டின் கரை தெரியவில்லை. சாரனை மடித்துக் கட்டி, கம்பொன்றை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள்.

"நான் முன்னால நடக்கிறன். நீ ஓட்டு."

"எனக்கு ஏலா காக்கா. வளவுக்குள்ள ஓட்டினதுதானே!"

"ஏலும். கிளச்ச அரைவாசி அமத்திப் பிடி. எக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தியோ, சைலன்சருக்குள்ள தண்ணி பூந்து எஞ்சின் நிண்டிரும். தண்ணியப் பாக்காத புள்ள, என்னப் பாரு."

தண்ணீரைப் பார்த்துவிட்டேன். வேனே கடல் பக்கம் வழுக்குவதுபோலத் தலை சுற்றியது. உங்கள் முதுகைத் தேடிப் பிடித்தேன். தண்ணீர் உங்கள் முழங்காலைத் தாண்டியது, பிறகு தொடையை. பின்னால் உம்மா விசிலடிக்கும் மூச்சுக்கிடையே கடைசி நேரத்துக் கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளச் கருகும் மணம் வேனுக்குள் நிறைந்தது.

பாதி வழியில் நீங்கள் காணாமல் போனீர்கள்.

கம்பு மட்டும் மிதந்து போனது. நிறுத்தினால் எஞ்சின் செத்துவிடும். போனால் உங்கள் மேலேயே ஏறிவிடுவேன். கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அப்போது இடப்பக்கம் உங்கள் தலை எழும்பியது. வெள்ளம் ரோட்டை அரித்து விழுத்தியிருந்த பள்ளம் அது. அதன் விளிம்பைப் பிடித்து ஏறி, நெற்றியில் இரத்தத்தோடு அங்கேயே நின்றீர்கள். மற்றப் பக்கத்தால் போகும்படி கையை நீட்டினீர்கள். வேன் நெருங்கும்போது விலகுவீர்கள் என்று நினைத்தேன். விலகவில்லை. பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் காட்ட உங்கள் உடம்பைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

பக்கக் கண்ணாடி உங்கள் நெஞ்சை உரசிக்கொண்டு போனது. அடுத்த கணம் பின் ஏணியில் ஓர் இடி. தொற்றிக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் உம்மாவுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். அவர் மூச்சு சீரானது. பிறகு, வாங்கில் குந்தி ஈரச் சாரனோடு வெடவெடத்துக்கொண்டிருந்த உங்களிடம் கேட்டேன்: "பள்ளத்துல விழுந்த நேரம் பயந்தீங்களா?"

"ஓம். என்னத் தேடி நீ பிரேக்க அமத்திருவியோ எண்டு."

கரவன் இப்போது என்னிடம் இருக்கிறது. போன கிழமை, பிரசவ நோவெடுத்த பக்கத்து வீட்டுக்காரியை மழைக்குள் அதில்தான் கொண்டுபோனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயமா ராத்தா?" என்று கேட்டாள்.

"ஓம், பயம்தான்" என்றேன், ஓட்டிக்கொண்டே.