அப்பாவுக்குக் கிடைத்த குடியுரிமை

மார்ச் 4, 1998
பல் டாக்டரிடம் போய் வந்தேன். பாதி வாய் மரத்திருக்கும்போது மிஸ்டர் பியோன் வந்து நின்றார். எங்கள் அமெரிக்க ஊரில் கொரிய நாட்டவர் சங்கத் தலைவர். இன்சூரன்ஸ் விற்பவர், ஆகவே பதில் பேச முடியாதவர்களை அவருக்குப் பிடிக்கும்.

"எஸ்தர் அக்கா, உங்க அப்பாவுக்குச் சிலை வைக்கிறோம்! பழைய போஸ்ட் ஆபீஸ் முன்னாடி. நகரசபை இடம் குடுத்துடுச்சு!"

ஐம்பது வருஷமாக அப்பாவைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அழுதேன், பாதி முகத்தால்.

மார்ச் 19
போட்டோ கேட்டார்கள். ஒன்றுதான் இருக்கிறது. பீச் பழத் தோப்பு, கிழிந்த தொப்பி, பல் தெரியச் சிரிப்பு. பியோனுக்குத் திருப்தியில்லை. "தேசபக்தர் சிரிச்சா மரியாதையா இருக்காதுக்கா."

ஏப்ரல் 2
களிமண் மாதிரியைப் பார்த்தேன். ஆறடி, நீளக் கோட்டு, முறைப்பு. அப்பா அம்மாவின் காது உயரம்தான். வலது கை கொரியாவை நோக்கி நீண்டிருக்கிறதாம். ஆனால் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று நகரசபை பீடத்தைத் திருப்பிவிட்டது. இனி அப்பா டோனட் கடையைக் காட்டுவார்.

மே 11
பலகை வாசகம் வந்தது: "சோக் இன்-பே. கொரிய விடுதலைக்கு உழைத்த மாவீரர். பெருமைமிகு அமெரிக்கக் குடிமகன்."

குடிமகனா? எப்போது கொடுத்தார்கள்? ஆசியாவில் பிறந்தவனுக்குக் கிடையாது என்றுதானே சட்டம் இருந்தது? நாற்பத்து மூன்று வருஷம் இங்கே பழம் பறித்து, அந்நியராகவே செத்தார். கூலியை விடுதலை நிதிக்கு அனுப்பிவிட்டு எங்களுக்குச் சோறும் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயும் போட்டவர் — அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு, அது வேறு. 1940-ல் அந்நியர்கள் எல்லோரும் கைரேகை கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கே? இதே போஸ்ட் ஆபீஸில். கொரியா அப்போது ஜப்பானின் பிடியில். "ஜப்பானியக் குடி" என்று எழுதினான் குமாஸ்தா. "நான் கொரியன்" — அப்பா மூன்று தடவை சொன்னார். அவன் நிமிரவே இல்லை. எனக்குப் பதினெட்டு வயது. பக்கத்தில்தான் நின்றேன். ஏன் ஒன்றும் பேசவில்லை நான்?

மே 12
பியோனுக்குப் போன் செய்தேன்.

"ஒரு வார்த்தைதானேக்கா! நகரசபைக்கு அது பிடிச்சுப்போச்சு. எடுத்தா இடத்தையும் எடுத்துடுவாங்க."

"அப்ப ஜப்பான்காரர்னே போட்டுடுங்க தம்பி. சர்க்கார் காகிதத்துல அதான் இருக்கு."

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 15
கொரியாவின் விடுதலை நாளில் திறப்பு விழா. திரை சிலையின் விரலில் மாட்டிக்கொண்டது, குடையால் தள்ளினார்கள். எனக்கு இரண்டு நிமிஷம். ஆங்கிலத்தில் பேசினேன். வயதானவர்களுக்காகப் பியோன் கொரிய மொழியில் சொன்னார்.

"என் அப்பாவுக்கு நீங்கள் குடியுரிமை கொடுக்கவில்லை."

"என் அப்பா கடைசி மூச்சுவரை அமெரிக்காவை நேசித்தார்" — இது பியோன். பலத்த கைதட்டல். ஆங்கிலம் மட்டும் புரிந்த மேயருக்கு முகம் இறுகியது; எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவரும் தட்டினார்.

"இந்தக் கட்டடத்தில் அவரை ஜப்பானியர் என்று எழுதினார்கள்."

"இந்தக் கட்டடம் அவருக்கு உயிர்!" மறுபடி கைதட்டல்.

என் கொரிய மொழி சமையலறைக்குத்தான் போதும். இருந்தாலும் மைக்கை விடாமல் அதிலேயே பேசினேன். "பொய். அப்பா குடிமகன் இல்ல. அப்பா கேட்டாரு. குடுக்கல. கொரியன்னு சொன்னாரு. கேக்கல." நாலு வயசுக் குழந்தை மாதிரிதான் சொன்னேன். யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

செப்டம்பர் 3
பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புது வாசகத்துக்கு ஓர் உபகுழுவாம்.

நவம்பர் 20
உபகுழு இன்னும் கூடவில்லை. அப்பா பெயரில்லாமல் நிற்கிறார். காலையில் மடக்கு நாற்காலியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். இன்று பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், "யாருங்க இவரு?" என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். அவள் பஸ் வந்தது, போயிற்று. அடுத்ததும் போயிற்று.