நோன்பு மாதத்து மருந்து

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
10.1.1988

அன்பிற்குரிய ஹலீமா லாத்தாவுக்கு, தம்பி ஜமால் ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் உம்மாவும் சுகம் என்று எழுதக் கை தானாகப் போகிறது. உம்மா சுகம்.

நீங்கள் கேட்ட அந்தப் புது மருந்து இங்கேயும் வந்துவிட்டதாம். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிலருக்குத்தான் கொடுக்கிறார்கள். என்னைப் பார்க்கும் சீன டாக்டரம்மா என் பெயரை மேலே அனுப்பியிருக்கிறார். பெரிய டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்களாம். ஒழுங்காக வருவேன், மாத்திரையை விடமாட்டேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமாம். வேலைக்குத்தான் இன்டர்வியூ என்று நினைத்திருந்தேன், உயிரோடு இருக்கவும் உண்டு போலிருக்கிறது.

போன மாதம் வார்டில் இருந்தபோது சோற்றுத் தட்டைக் கதவோரம் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். பூவம்மா என்று ஒரு தமிழ் நர்ஸ் மட்டும் உள்ளே வந்து, "ஆறிடும் தம்பி, சாப்பிடுங்க" என்பார்.

உங்கள் கடிதம் வந்தால் உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்தான் அவருக்கு வாசிக்க வரும் என்பதால் பிழைத்தேன். லண்டனில் பனி, மச்சானுக்குச் சளி என்று நானாகவே இட்டுக்கட்டி வாசித்துக்கொண்டு போவேன். போன தடவை உங்களுக்குப் பதவி உயர்வே கொடுத்துவிட்டேன். உம்மா மூன்று மாடிக்குச் சொல்லிவிட்டார்.

இந்த நோய் எப்படி வந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, லாத்தா. அதை மறக்கமாட்டேன்.

தம்பி ஜமால் முகம்மது


லண்டன்
28.1.1988

அன்புத் தம்பி ஜமாலுக்கு,

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எப்போதும் எழுதுகிற வரிதான், இப்போது எழுதும்போது அழுகை வருகிறது.

பதவி உயர்வுக்கு நன்றி. இங்கே யாருக்கும் அது தெரியவில்லை, பழைய வேலையைத்தான் வாங்குகிறார்கள்.

நான் நர்ஸாக இருக்கும் வார்டில் எய்ட்ஸ் நோயாளிகள்தான் இருக்கிறார்கள். எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒருவர் இந்த மருந்தைச் சாப்பிட்டு எழுந்து, கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டில் சமைத்தார். நோய் போய்விடாது, ஜமால். பொய் சொல்லமாட்டேன். நாளைத் தள்ளிப்போடும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டும், இரவிலும் எழுந்து. ஒன்றுகூடக் குறையக் கூடாது.

அதனால்தான் சொல்கிறேன், உம்மாவிடம் சொல்லிவிடு. இரவெல்லாம் அலாரம் அடிக்கிற வீட்டில் எதை மறைப்பாய்?

உன் லாத்தா ஹலீமா


ஆங் மோ கியோ
24.3.1988

அன்புள்ள லாத்தாவுக்கு,

கிடைத்துவிட்டது! வெள்ளை மாத்திரை, நடுவில் நீலக் கோடு. டாக்டரம்மா கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அலாரம் கடிகாரத்தைக் கைலியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வயிற்றுப்புண் மருந்து என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உடம்பு தேறியிருக்கிறது. சிராங்கூன் சாலையில் முன்பு வேலை பார்த்த சேலைக் கடைக்கே திரும்பிவிட்டேன். முதலாளி கதீஜாம்மா, "எங்கேப்பா போயிருந்தே, மாப்பிள்ளை கணக்கா வந்து நிக்கிறே" என்றார்.

சொல்லிவிடு என்கிறீர்கள். நம் அடுக்குமாடி புளோக்குப் பிள்ளைகள் எல்லாம் உம்மாவிடம்தான் குர்ஆன் ஓத வருகிறார்கள். மகனுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை நம் வீட்டுப் பாயில் உட்காரும்? அவருக்கு இருப்பதே அந்தப் பிள்ளைகள்தான். நீங்களும் சொல்லக் கூடாது. அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன்.

அடுத்த மாதம் நோன்பு. கஞ்சிக்கு இப்போதே அரிசி வாங்கி வைத்துவிட்டார்.

ஜமால்


லண்டன்
7.4.1988

ஜமாலுக்கு,

நோன்பு வைக்காதே. கடிதத்தைத் தொடங்கும்போதே எழுதிவிடுகிறேன், கடைசி வரை வாசிக்காமல் மடித்துவிடுவாய் என்று பயம். நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது. வயிற்றுப்புண் என்கிற உன் பொய்யையே இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளேன். அதில்தான் நீ கெட்டிக்காரனாயிற்றே.

நீ அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிட்டதால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. பதில் எழுது.

ஹலீமா


ஆஸ்பத்திரி வார்டிலிருந்து
30.5.1988

லாத்தாவுக்கு,

பதில் எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். நோன்பு வைத்தேன்.

வயிற்றுப்புண், நோன்பு வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். "அப்டின்னா நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றேன், டாக்டர்ட்ட கேப்போம்" என்று உம்மா புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறு வழி தெரியவில்லை. விடியுமுன் ஸஹர் உணவோடு ஒரு வேளை மருந்து. பகலில் விட்டதையெல்லாம் நோன்பு திறந்ததும் கஞ்சியோடு ஒன்றாக விழுங்கினேன். ஒன்றுகூடக் குறையவில்லையே என்று எனக்கு நிம்மதி. வாந்தி வந்தபோது கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

பெருநாளுக்கு முந்தின வாரம், சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டேன். ரத்தம் தண்ணீராகிவிட்டதாம். புது ரத்தம் ஏற்றினார்கள். "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று டாக்டரம்மா கத்தினார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்தை நிறுத்திவிட்டார்கள். அது இப்போது தோ பாயோ சந்தையில் மீன் விற்கும் ஒருவருக்குப் போகிறது. வராந்தாவில் பார்த்தேன். என் கடிகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

பகலில் நான் என்ன சாப்பிட்டேன் என்று உம்மாவிடம் கேட்டுச் சொல்ல டாக்டரம்மா பூவம்மாவை அனுப்பியிருக்கிறார். பெற்ற தாய்க்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, பாவம், அவர் நோயின் பெயரையும் சொல்லிவிட்டார்.

உம்மா வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். "நோம்பு வையின்னு நானாடா கேட்டேன்? ஒரு நாளாச்சும் கேட்டேனா?" அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு தரையில் இருந்த தட்டை எடுத்துச் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். எனக்கு இறங்கவில்லை. மிச்சத்தை அதே கையால் அவரே சாப்பிட்டார். கதவோரம் நின்ற ஆயா பார்த்துக்கொண்டே இருந்தார்.

போகும்போது, "ஹலீமாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பிறகு அவருக்கு நீங்கள் மட்டும்தான். அவர் நம்புகிற ஒரு பிள்ளையாவது மிஞ்சட்டும். நீங்களும் தெரியாதவர் மாதிரியே இருந்துகொள்ளுங்கள்.

ஜமால்


லண்டன்
14.6.1988

ஜமாலுக்கு,

உன் எழுத்து வரிக்கு வரி சரிந்துகொண்டே போகிறது. படுத்துக்கொண்டே எழுதினாயா?

சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று நான் எழுதவில்லை. குறையக் கூடாது என்று மட்டும் எழுதினேன். வார்டில் தினமும் சொல்கிற பேச்சு, உனக்கு எழுதத் தோன்றவில்லை. இங்கே பெரிய டாக்டரிடம் கேட்டேன். ரத்தம் தேறினால் பாதி அளவில் மறுபடியும் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். உன் டாக்டரம்மாவுக்கு அவரே எழுதியிருக்கிறார். கொடுப்பார்களா என்று தெரியாது.

இதற்குக் கீழே உள்ளது உம்மாவுக்கு. உள்ளதை உள்ளபடி வாசி. உன் கைச்சரக்கைச் சேர்க்காதே.

உம்மா, ஹலீமா எழுதுகிறேன். ஜமாலுக்கு என்ன நோய் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரியாது என்று அவன் சொன்னது எனக்காக. என்னைத் திட்டுங்கள், அவன் எழுதி அனுப்புவான்.

ஆனால் முதலில் பூவம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போங்கள். "இனிமே மாத்திரையை என் கையால நான் குடுக்கிறேன், ஒரு வேளை தப்பாது" என்று சொல்லுங்கள். ஒழுங்காகச் சாப்பிடுவான் என்று நம்ப அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். இத்தனை நாளும் அந்த ஆள் பக்கத்து அறையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார், நாங்கள்தான் எழுப்பவில்லை. முடியாது என்றால் மறுநாளும் போய் நில்லுங்கள்.

இந்த இடத்தில் அவன் வாசிப்பதை நிறுத்தினால் விடாதீர்கள். லண்டனில் பனி என்று சொன்னால் நம்பாதீர்கள், இங்கே இப்போது வெயில்.

ஆகஸ்டில்தான் எனக்கு லீவு தருகிறார்கள். நான் வரும்வரைக்கும் அவனை வைத்திருங்கள், உம்மா.

உங்கள் மகள்
ஹலீமா