காவலுக்கு இருந்த எறும்புகள்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே உன் அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மூன்று நாளாக எனக்கு அதிர்ச்சி அடங்கவில்லை, தையல் மிஷினில் உட்கார்ந்தால் சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைக்கிறேன். முதலில் மரத்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்வாசல் எலுமிச்சையில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருந்த செவ்வெறும்புகள் உனக்கு நினைவிருக்கும். துணி காயப்போடப் போன என்னை ஒன்று கழுத்தில் கடித்துவிட்டது, எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, ஓசியில் குடியிருந்துகொண்டு கடிக்க வேறு செய்கிறதா என்று மருந்தடித்துக் கூண்டோடு ஒழித்தேன். உன் அம்மாவிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன். மூன்றே வாரம், இலையைப் புழு அரித்து, தளிரைப் பூச்சி உறிஞ்சி, பிஞ்செல்லாம் கொட்டி, மரம் விளக்குமாறு மாதிரி நிற்கிறது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய் உரக்கடைக்காரரிடம் காட்டினால் மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார், ஐயோ டெய்லரே, காவக்காரனையே கொன்னுட்டீங்களே என்றார். மரம் கூடு கட்ட இலை கொடுக்குமாம், எறும்பு அந்த மரத்தை மேய வரும் புழு பூச்சிகளைப் பிடித்துத் தின்றே வயிறு வளர்க்குமாம், ஒன்றை நம்பி ஒன்று பிழைக்கிறதாம். அப்படியானால் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியை மட்டும் எறும்பு ஏன் விட்டுவைத்தது என்று மடக்கினேன். அது எறும்புக்குக் கறவைமாடு மாதிரிங்க, இனிப்பா கசியும், அதுக்காகக் கொஞ்சம் வளர்த்துக்கும், மரம் அதைத் தாங்கிக்கும் என்றார். ஒடித்த கிளையோடு வீட்டுக்கு வந்தேன்.

அது அடங்குவதற்குள், செவ்வாய்க்கிழமை காலை ரொட்டி வாங்கப் போன உன் அம்மா திரும்பி வரவில்லை. இரண்டு மணி நேரம் தேடினேன். மூன்றாவது தெருவில் யாரோ ஒருவருடைய பூட்டிய வீட்டு வாசலில், நம்ம வீட்டுச் சாவியைக் காணோமே என்று அழுதபடி உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் ரொட்டிக்கடைக்காரர் சொன்னது அதைவிடப் பெரிய இடி. உங்க பையன் ஊர்ல இருந்தவரைக்கும் அம்மாவுக்குத் தெரியாம பின்னாடியே வருவாரே, வழி தப்பினா தற்செயலா பார்த்த மாதிரி எதிர்ல வந்து நின்னு கூட்டிட்டுப் போவாரே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். டாக்டர் மறதி நோய் என்கிறார், இரண்டு வருஷமாவது ஆகியிருக்குமாம். இரண்டு வருஷம்! நீ வேலையில்லாமல் வீட்டில் இருந்த அதே இரண்டு வருஷம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லையடா. விடிந்தால் ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறான் என்று, தட்டின் முன்னால் உட்கார வைத்து உன்னைத் தண்டச்சோறு என்றேனே, அந்த வாயை என்ன செய்வது. நீ சொல்லியிருந்தாலும் நான் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டேன். பெற்றவன் கேட்கிறேன், மன்னித்துவிடு.

வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிடவில்லை. அவளுக்கு எந்த நேரத்தில் என்ன மறக்கும், அடுப்பை எப்படிக் கவனித்துக்கொண்டாய், எதைச் சொன்னால் அழுகை நிற்கும், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது, நான் கற்றுக்கொள்கிறேன். மறந்துவிடாதே. நீ நோய் நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். நேற்று ரொட்டிக்கடைக்கு அவள் பின்னால் நான் சத்தமில்லாமல் நடந்தேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். நீங்க எதுக்கு வர்றீங்க, தினமும் என் பையன்தானே பின்னாடி வருவான், அவன் எங்கே என்று கேட்டாள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா