பச்சைப் புள்ளி

அக்கா, ஒரு பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடக் கூடாது என்பதற்காக நீங்கள் செத்தீர்கள். கம்பெனியின் இரங்கல் மெயிலில் நிமோனியா என்று எழுதியிருந்தார்கள். அதுவும் உண்மைதான்.

இன்று காலை கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் அறையின் ஜன்னல் வரை பனிமூட்டம் வந்து நின்றது. உங்கள் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பழனியிலிருந்து வந்த உங்கள் அம்மா, காரியம் முடிந்ததும் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன் கண்ணாடியில் மவுஸ் உரசிய கோடுகள் அப்படியே இருக்கின்றன.

ஹோட்டல் புக்கிங் கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுவது நம் வேலை. நீங்கள் மன்னவனூரில், நான் இங்கே. திரையில் நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. கை அசைந்தால் பச்சை, ஓய்ந்தால் மஞ்சள். மஞ்சளானால் பெங்களூரிலிருந்து மேனேஜர் "இருக்கீங்களா?" என்று கேட்பார்.

உங்கள் ஊரில் நெட் போனால் பஸ் ஏறி என் அறைக்கு வந்துவிடுவீர்கள், பையில் மண் உதிராத கேரட்டோடு. அப்படி வந்த ஒருநாள் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, அதன்மேல் மவுஸை ஏற்றினீர்கள். அடியில் விநாடி முள் ஓட ஓடத் திரையில் அம்புக்குறி நடுங்கியது. புள்ளி பச்சையாகவே நின்றது.

"ஏலே, ஒண்ணுக்குப் போனாக்கூட மஞ்சளாயிருது. இனி நிம்மதியாப் போகலாம்."

"யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? எங்கப்பா கல்யாணத்துக்குக் கட்டுன வாட்ச்சு. அவருக்கு மணி காட்டுச்சு, எனக்குச் சோலி பாக்குது."

டீ ஆறும்வரை சிரித்தோம். அந்த வாரமே டீமில் பாதிப் பேர் வீட்டில் பழைய கடிகாரம் தேடினார்கள்.

இன்னொரு வழக்கமும் நமக்குள் இருந்தது. பச்சையாக இருப்பவருக்குப் போன் செய்ய மாட்டோம். பேச்சுக் கொடுத்தால் வேலை தாமதமாகும், திட்டு அவருக்கு விழும்.

மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல். லீவு கேட்டீர்கள். டாக்டர் சர்டிபிகேட் அனுப்பச் சொன்னார்கள். நடுங்கும் உடம்போடு கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினால்தான் அந்தக் காகிதம். மவுஸைக் கடிகாரத்தின்மேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டீர்கள். அன்று முழுக்கப் பச்சை. மறுநாளும் பச்சை. இடையில் எழுந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்திருக்கிறீர்கள். தண்ணீர் குடித்தீர்களா என்று தெரியவில்லை. பால் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்து பார்த்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் தாங்கவில்லை.

அதன்பிறகு புதன்கிழமைதோறும் ஊழியர் நலக் கூட்டம் நடத்துகிறார்கள். கேமராவைப் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்து விட வேண்டும். நடத்துகிறவர் நல்ல மனிதர், இதமான குரல். கூட்டத்துக்கு வராதவர் யார் என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

நான் இப்போது பச்சையாக இருப்பவர்களுக்குத்தான் முதலில் போன் செய்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கமும் கடிகாரமும்தான். இன்று வத்தலக்குண்டிலிருந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். அவளுக்குக் குரலே எழும்பவில்லை.

"காச்சலாக் கெடக்கேண்ணே. லீவுக்கு சர்டிபிகேட் கேக்குறாங்க. ஆனா புள்ளி பச்சையாத்தான இருக்கு?"

"மவுஸு எது மேல இருக்கு?"

"வாட்ச்சு மேலதான். டீம்ல எல்லாரும் செய்றதுதானே. யாரோ ஒரு அக்கா கண்டுபிடிச்சதாம்ல."



"லேப்டாப்ப மூடு. வீட்ல ஆளக் கூட்டிக்கிட்டு வெரசா ஆஸ்பத்திரிக்குப் போ. இங்க நான் பேசிக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் அவள் புள்ளி அணைந்தது. இன்று புதன்கிழமை. கூட்டத்தில் மேனேஜரும் இருந்தார். கண்களை மூடச் சொன்னபோது நான் மைக்கைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன்.

"சார், அந்தப் புள்ளிய எடுத்துருங்க. ஒடம்பு முடியலன்னு சொன்னா நம்பி லீவு குடுங்க. சர்டிபிகேட் கேக்குற நேரத்துல ஒரு போன் போட்டு, என்ன செய்யுதுன்னு கேளுங்க. எப்ப எடுப்பீங்க, சொல்லுங்க."

மேனேஜரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. "இருக்கீங்களா, சார்?" என்று கேட்டேன்.