மூன்றாம் நம்பர் பாட்டில்

ஜோகுபாளையம்,
21.8.1998, வெள்ளி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, சீதாலட்சுமி எழுதுவது. இங்கே நானும் மகாவும் சௌக்கியம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பல் ஒன்று விழுந்துவிட்டது. அங்கே உங்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? ரூபினி மேடம் கூட இருக்கும்போது கிடைக்காமலா போகும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். நேற்று பூத்திலிருந்து உங்கள் சென்னை ஆபீசுக்கு அடித்தேன். அவள்தான் எடுத்தாள். வைத்துவிட்டேன். அதனால் இன்று ரயிலேறும் சீனு அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படிக்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அத்திபெலேயில் மூடிக் கிடக்கும் பெயிண்ட் கம்பெனியில் பரிசோதனைக்கு மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் எடுக்க அவளோடு போன நாளிலிருந்து நம் வீட்டில் ரூபினி புராணம்தான். மேடம் மண்ணை முகர்ந்தே சொல்லிவிடுகிறார், மேடம் வெயிலுக்குக் குடைகூடப் பிடிப்பதில்லை. ஏழு வருடமாக நான் அடுப்பில் வேகிறேன், எனக்கு யார் குடை பிடித்தார்கள்? பொறாமைதான். ஒளிக்கவில்லை.

போன வாரம் அந்தத் தண்ணீர் பாட்டில்கள் இருந்த ஐஸ் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று முடிவெட்டப் போனீர்கள். மகா பிறந்தநாளுக்குக்கூட வெட்டாத முடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் உங்கள் பெயரும் அவள் பெயரும் பக்கம் பக்கமாக, கல்யாணப் பத்திரிகை மாதிரி. மூன்றாம் நம்பர் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். பார்க்கத் தெளிவான தண்ணீர்தான், ஆனால் பெயிண்ட் கடை நாற்றம். அலம்பிவிட்டு நம் தெருக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மூடிக்குக் கீழே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது என்று சாப்பிடும்போது பாடம் எடுப்பீர்களே, அதையும் சரியாகச் செய்தேன். பரிசோதனை கன்னாபின்னாவென்று வரும், அவளை வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

முந்தாநாள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, மற்ற கிணறெல்லாம் கெட்டது, மூன்றாம் நம்பர் கிணறு மட்டும் சுத்தம், திங்கட்கிழமை கம்பெனியை ஒட்டிய லைன் வீட்டுக்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். சுத்தம் என்று வந்தது நம் குழாய்த் தண்ணீர்.

இன்று காலை பஸ் பிடித்து அந்தக் கிணற்றுக்கே போனேன். லட்சுமம்மா என்று ஒருவர் கிணற்றடியில் உட்கார்ந்து குடங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கங்கை பூஜையாம், இனி லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டாமாம். அவர் மருமகள் பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகிறது. இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றேன். டெஸ்ட் பண்ணின சாரே குடிக்கலாம் என்றாரே, நீ யாரம்மா என்று கன்னடத்தில் கேட்டார். உங்கள் பெண்டாட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபீசில் என் பெயரையே சொல்லிவிடுங்கள். கடிதத்தை அவளிடமும் காட்டுங்கள். என்னை என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். பாட்டிலில் இரண்டு பேர் பெயரும் வேண்டும், அவள் இல்லாமல் அந்தக் கிணற்றில் மறுபடியும் தண்ணீர் எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பக்கத்து சீட்டிலேயே உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள். இரண்டு பேருக்கும் சமைத்து வைக்கிறேன்.

அந்தப் பச்சைக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
சீதாலட்சுமி