உன் கழுத்தருகே சத்தம் போடாத மிசின்

போன வாரம் திருப்பதி மலைக்குப் போயிருந்தேன். வரிசையில் நிற்கும்போது காவலுக்கு இருந்த ஆள் கரண்டி மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் மேலும் தடவிக்கொண்டு வந்தான். என் இடுப்பருகே வந்ததும் அது 'கீ' என்று கத்தியது. மடியில் சுண்ணாம்பு டப்பி. பின்னால் நின்ற சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தத்தோடு நீ வந்துவிட்டாய். சித்தூர்ச் சந்தையில், அத்தனை பேர் நடுவில், தலையைக் குனிந்துகொண்டு நின்றாயே, அப்படியே வந்தாய். அதற்கப்புறம் சாமியைப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை.

எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள். "நீ பேசற மாதிரியே எழுதினா யாருக்கும் புரியாது நைனா, நான் சரி பண்ணிக்கிறேன்" என்கிறாள். உனக்குப் புரியாமலா போகும்? சரி, அவள் இஷ்டம்.

அப்போது ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லையை எங்கே போடுவது என்று ஊரெல்லாம் பேச்சு. நம் ராமகுப்பம் பக்கத்தில் தமிழ் பேசுகிறவன் தெலுங்கும் பேசுவான், சந்தையில் கன்னடமும் பேசுவான். எந்த சர்க்காரில் இருக்கப் போகிறோம் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. அந்தச் சமயம் பார்த்து, மழை விட்ட மறுநாள், காட்டோடையில் ஆடு மேய்த்தவன் ஒருவனுக்குப் பொன்கட்டி கிடைத்தது. புளியங்கொட்டை அளவு என்றான் பார்த்தவன். கேட்டவன் பலாக்கொட்டை என்றான். அந்தக் கட்டி குப்பம் டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் தேங்காய் ஆகிவிட்டது.

டீக்கடையில் அன்றைக்கு ஒருவன் கேட்டான்: "ஏன்யா, எல்லையே இன்னும் போடல. பொன்னு கெடச்சா எந்த சர்க்காரு வந்து புடுங்கும்?"

"மொதல்ல ஒனக்குக் கெடைக்கட்டும். ரெண்டுமே வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தூரில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் சண்டையில் மிச்சமான சாமான்களை விற்கிறார், அதில் மண்ணுக்குள் இருக்கும் குண்டைக் கண்டுபிடிக்கிற மிசின் இருக்கிறது என்று உன் தம்பி முனிரத்தினம் சொல்லியிருந்தான். குண்டைக் காட்டுகிற மிசின் பொன்னைக் காட்டாதா? அந்த வருஷத்துக் கேழ்வரகு முழுவதையும் விற்றுவிட்டேன். தப்பான மிசினாக வாங்கிவிட்டால் அடுத்த அறுப்பு வரை வீட்டில் களிக்கு மாவு கிடையாது. அதனால் தீரச் சோதித்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். இரும்பை வைத்துச் சோதித்தால் போதுமா? பொன்னை வைத்துச் சோதிக்க வேண்டும். வீட்டில் பொன் என்று இருந்தது உன் தாலி ஒன்றுதான். காதில் கண்ணாடிக் கம்மல்.

"சித்தூருக்குப் பொறப்படு, மிசினுக்கு ஒன் தாலி வேணும்" என்றேன்.

உன் முகம் ஒரு மாதிரி ஆனது. "தாலியக் கழட்டச் சொல்றியா மாமா?"

"யாரு கழட்டச் சொன்னது? கழுத்தோட வா."

நீ வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் எங்கே இடம் கொடுத்தேன்? அதற்கு முந்தின மழைக்காலம் முழுக்க நான் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் பொன் பித்து பிடித்துக்கொண்டது. ஓடை, மண், கல், இதுதான் பேச்சு. நீ சோறு போட்டால் தின்னுவேன். உன் முகத்தைப் பார்த்துத் தின்றேனா தெரியாது.

அந்தப் பட்டாளத்துக்காரர் நல்ல மனுஷன். முறுக்கிய மீசை, பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. நம் ஊர் நாவிதர் ஒருவர்கூட அப்படித்தான் மீசை வைத்திருந்தார், அவர் கதை வேறு, அது கிடக்கட்டும். பட்டாளத்துக்காரரிடம் இரண்டு மிசின் இருந்தது. நீளக் கழி, அடியில் வட்டத் தட்டு, தோளில் மாட்ட ஒரு பெட்டி. பட்டாளத்தில் காதில் மாட்டிக் கேட்பார்களாம். இவர் சந்தைச் சனமும் கேட்கட்டும் என்று சின்ன ஒலிபெருக்கி பொருத்தி வைத்திருந்தார். மணல் குவியலுக்குள் ஒரு பித்தளைத் திருகாணியைப் புதைத்தார். முதல் மிசின் அந்த இடத்துக்கு நேராக வந்தபோது மட்டும் 'ங்' என்று முனகியது. இரண்டாவது மணல் குவியலைக் கண்டதுமே ஊளையிட ஆரம்பித்தது.

முனிரத்தினம் என் காதருகே வந்து, "மாமா, மொதல்து கெட்டி" என்றான்.

"இருடா, பொன்னு வெச்சிப் பாக்கணும்" என்று உன்னை முன்னால் கூப்பிட்டேன்.

நீ வந்தாய். மாராப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாய். பட்டாளத்துக்காரருக்கே கூச்சமாகிவிட்டது. "வத்தண்ணா, வேணாம், பொம்பளங்கள இப்படி நிக்க வெக்காதே" என்றார். நான் கேட்கவில்லை. அவர் முதல் மிசினின் தட்டை உன் நெஞ்சுக்கு நேராகத் தூரத்தில் பிடித்தார். சத்தம் இல்லை. கிட்டத்தில் கொண்டுவந்தார். சத்தமே இல்லை. இரண்டாவதை எடுத்தார். பக்கத்தில் வருவதற்குள்ளேயே அது வீறிட்டுக் கத்தியது.

நான் என்ன பேசினேன் என்று உனக்கு மறந்திருக்காது. "யோவ், பொண்டாட்டி கழுத்துல தொங்கற பொன்னே தெரியல இதுக்கு. மண்ணுக்குள்ள இருக்கறதயா காட்டும்? செவுட்டு மிசினக் கொண்டாந்து சனத்த ஏமாத்தறியா?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் உன்னைப் பார்த்தார். "அம்மா, ஒரு தடவ வெளிய எடுத்துக் காட்டறியா?"

நீ தலையை நிமிர்த்தாமல், "பத்துப் பேரு முன்னாடி எடுக்கமாட்டேன்" என்றாய்.

அவர் ரொம்ப நேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இரண்டாவது மிசினைக் கட்டிக்கொடுத்தார். அந்த மனுஷன் அப்போதே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். உன்னை அதற்கு முன்னால் பார்த்தே இல்லாதவர்.

பஸ்ஸில் வரும்போது, "அந்த மொத மிசினையே வாங்கி இருக்கலாம் மாமா" என்றாய். "ஒனக்கு இன்னா தெரியும்?" என்றேன். பலமநேர் தாண்டும் வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

ஊருக்கு வந்து ஓடையில் வைத்தேன், கத்தியது. தோண்டினேன். பத்தடி தள்ளி வைத்தேன், கத்தியது. ஈரத்தைக் கண்டால் கத்தியது, பாறையைக் கண்டால் கத்தியது. ஓடைக்கரை முழுக்கப் பன்றி கிளறிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "இன்னாய்யா, கேணி வெட்றியா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். கடைசியில் ஒருநாள் களத்து மேட்டில் முனிரத்தினம் மிசினை வாங்கி, தன் வெற்று நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். கத்தியது. நம் எருமைக்கு நேராகப் பிடித்தான். கத்தியது.

"மாமா, ஒன் எருமைக்கும் தாலி கட்டி இருக்கியா?" என்றான்.

களத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் பக்கம் திரும்பினேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் கை நெஞ்சின்மேல் இருந்தது. இது எதைக் கண்டாலும் கத்துகிற மிசின் என்றால், அன்றைக்குக் கத்தாமல் இருந்ததே அது என்ன மிசின்? என் சிரிப்பு நின்றது. நீயும் அதைப் பார்த்துவிட்டாய். மாராப்புக்குள்ளிருந்து கயிற்றை இழுத்துக் காட்டினாய். வெளியே தெரிந்தது எப்போதும் பார்க்கிற அதே மஞ்சள் கயிறுதான். அதன் முனையில் ஒரு துண்டு மஞ்சள் கட்டியிருந்தது.

"நீ ஆஸ்பத்திரில நெனப்பில்லாம கெடந்தப்போ வேண்டிக்கினேன். நீ கண்ணு முழிச்ச மறுநாளே மலைக்குப் போயி உண்டியல்ல போட்டுட்டேன். நீ தேறி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன் மாமா. நீ பொன்னு பொன்னுன்னு அலஞ்சிக்கினே இருந்த. எப்படிச் சொல்றது?"

அத்தனை மாசம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். உன் கழுத்தில் பொன் இல்லாததைப் பார்க்காமல் ஓடையில் பொன் தேடித் தோண்டியதுகூடப் போகட்டும். அந்த மஞ்சள் துண்டைப் பார்த்ததும் என் வாயில் முதலில் என்ன வந்தது?

"அப்போ அந்த மொத மிசினு நல்ல மிசினா?"

இந்த இடத்தில் நம் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதையும் எழுதணுமா நைனா?" என்று கேட்டாள். எழுது என்றேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எழுதினாள்.

நீ அன்றைக்கு அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நல்ல மிசினுதான் மாமா. இல்லாதத இல்லன்னு சொல்லிச்சி" என்றாய். கயிற்றை உள்ளே போட்டுக்கொண்டு எருமையை ஓட்டிக்கொண்டு போனாய். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். முனிரத்தினம் மட்டும் நின்றான். "இன்னா மாமா நீ" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அப்புறம் சித்தூருக்குப் போய் அந்தப் பட்டாளத்துக்காரரைத் தேடினேன். கடையைக் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார் என்றார்கள். அடுத்த அறுப்பு வரை நீ ஊரான் கொல்லையில் களை பிடுங்கப் போனாய். அறுப்பு முடிந்ததும் குன்றிமணி அளவில் பொன் வாங்கி உனக்குத் தாலி கட்டினேன். ஊரே வந்து சோறு தின்றுவிட்டுப் போனது. தாலியை மறுபடி கட்டிவிட்டேன். ஆனால் களத்து மேட்டில் கேட்ட கேள்வி கேட்டதுதானே.

இப்போது ஊரில் வயசானவன் என்று சனங்கள் என்னிடம் பழைய கதை கேட்க வருகிறார்கள், தங்கள் கஷ்டத்தையும் சொல்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பார்கள், மாடு செத்துப்போச்சு என்பார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் வாயில் வருவதை விழுங்கிவிட்டு, சொன்னவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம்தான் பேசுவேன். பெரியவருக்குக் காது போய்விட்டது என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்தில் வந்து இரண்டாம் தடவை உரக்கச் சொல்கிறார்கள். நானும் அப்போதுதான் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்கிறேன்.